டாக்டரை மாற்றலாம், நடுவில் இடைவெளி மட்டும் விழக்கூடாது

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் பையனுக்கு 11 வயது. தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரிடம் 14 மாதமாகக் காட்டுகிறோம். கவனம் நிற்க காலையில் ஒரு மாத்திரை, கோபத்துக்கு ராத்திரி ஒரு மாத்திரை. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் ஐந்து நிமிடம் பார்க்கிறார். பையன் அங்கே வாயே திறப்பதில்லை. போன தடவை பஸ் ஏற மாட்டேன் என்று அழுதான். திருச்சியில் ஒருவர் நன்றாகப் பார்க்கிறார் என்கிறார்கள். மாற்றலாமா? இவரிடம் எப்படிச் சொல்வது? மாமியார் எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொல்கிறார்."

அம்மா, தாராளமாக மாற்றலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை. ஆனால் திருச்சி டாக்டர் பையனைப் பார்த்து முடிக்கும் வரை இப்போதைய டாக்டரை விட்டுவிடாதீர்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் மனநலச் சமூகப் பணியாளராக வேலை பார்த்திருக்கிறேன். டாக்டரை மாற்றியதாலேயே கெட்டுப்போன பிள்ளை ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஒருவரை விட்டுவிட்டு, இன்னொருவரிடம் போய்ச் சேருவதற்குள் மூன்று மாதம், ஆறு மாதம் எங்கும் போகாமல் இருந்துவிட்டதால் சிரமப்பட்ட பிள்ளைகள்தான் நிறைய.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குப் போதாமல் இருப்பது டாக்டரா, மாத்திரையா, பையனோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லாததா? நம் பக்கம் இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கிறோம், ஏனென்றால் அந்த ஒருவர்தான் கண்ணில் படுகிறார். மனநல டாக்டரின் வேலை கோளாறு என்ன என்று கண்டுபிடிப்பது, மாத்திரை எழுதுவது, அதன் பலனையும் பக்கவிளைவையும் கவனிப்பது. பிள்ளையோடு முக்கால் மணி நேரம் விளையாட்டும் பேச்சுமாக இருந்து, கோபம் ஏறும்போது என்ன செய்யலாம் என்று பழக்குவதும், வீட்டில் நீங்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்று சொல்லித்தருவதும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேலை. மாத்திரை சரியாகப் பொருந்திவிட்ட பிள்ளைக்கு டாக்டரின் ஐந்து நிமிடம் குறைவில்லை. பேசுகிற ஆளே இல்லாத பிள்ளைக்கு டாக்டரின் இருபது நிமிடமும் போதாது. பையன் பள்ளிக்கூடத்தில் முன்பைவிட உட்காருகிறான், டீச்சரிடமிருந்து புகார் குறைந்திருக்கிறது என்றால், இந்த டாக்டரை வைத்துக்கொண்டே தனியாக ஒரு சைக்காலஜிஸ்டைச் சேர்ப்பதுதான் முதல் வழி. பல குடும்பங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சேர்ப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், பதிவு உள்ளவர் உடனே சொல்வார். 'கவுன்சிலிங் சென்டர்' என்று போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் அந்தப் படிப்புப் படித்தவர்கள் இல்லை.

மாத்திரைக்கும் அதற்குரிய காலம் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும். கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போட்ட அன்றைக்கே வேலை செய்யும், சாயங்காலம் இறங்கிவிடும். அதே கோளாறுக்குக் கொடுக்கும் ஆட்டமாக்ஸிட்டின் முழுப் பலனைக் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸிட்டினும் அப்படித்தான். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று டாக்டரை மாற்றினால், அடுத்தவர் அதே மாத்திரையை முதலிலிருந்து தொடங்குவார். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. அந்த அவசரப் பழி உங்கள் மேல் இல்லை.

யோசிக்காமல் மாற்ற வேண்டிய இடங்களும் உண்டு. பிள்ளையின் காதுபடவே "இவன் தேற மாட்டான்" என்று சொல்கிறவர். என்ன கோளாறு, என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்டால் "குடுக்கறதைப் போடுங்க" என்கிறவர். ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரையைக் கூட்டுவாரே தவிர எதையும் குறைக்காதவர். ராத்திரி மாத்திரை ரிஸ்பெரிடோன் மாதிரியானதாக இருந்தால் பசியும் எடையும் ஏறும். அப்படியிருந்தும் 14 மாதத்தில் ஒருதரம்கூடப் பையனை எடை மெஷினில் ஏற்றாதவர், சர்க்கரை பார்க்கச் சொல்லாதவர். இவற்றில் ஒன்று இருந்தால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். தனியாக விட்டபோது அடித்தார், கூடாத இடத்தில் தொட்டார் என்று பிள்ளை சொன்னால் அது டாக்டரை மாற்றும் விஷயம் இல்லை. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். கூடாத இடத்தில் தொடுவது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குற்றம். பிள்ளை பஸ் ஏற மாட்டேன் என்று அழுததற்குக் காரணம் என்ன என்று அவனிடம் மெல்லக் கேட்டீர்களா? காத்திருப்பது, ஊசிப் பயம், பஸ்ஸில் வாந்தி, அங்கே யாரோ சொன்ன ஒரு வார்த்தை, எதுவாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் மாற்றினால் அதே அழுகை திருச்சி பஸ்ஸிலும் வரும்.

'கைராசி' என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட டாக்டர் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இருந்தது பேச்சுத் தாமதமாக இருக்கலாம், உங்கள் பையனுக்கு இருப்பது வேறு. திருச்சி டாக்டரைப் பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டியது இரண்டே விஷயம். பிள்ளைகளை எவ்வளவு நாளாகப் பார்க்கிறார்? அவரோடு சேர்ந்து வேலை செய்யும் சைக்காலஜிஸ்ட் யாராவது இருக்கிறாரா?

இனி, இப்போதைய டாக்டரிடம் சொல்வது. டாக்டர் முன்னால் வாய் அடைத்துப்போவது நம் வழக்கம். எம்.ஏ. படித்த அம்மாக்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறோம். தயவுசெய்து ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள். பையனை வெளியே அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு, இந்த மாதிரிச் சொன்னால் போதும்: "டாக்டர், இத்தனை மாசம் பாத்தீங்க, ரொம்ப நன்றி. திருச்சியில ஒருத்தர்கிட்டயும் காட்டிப் பாக்கலாம்னு வீட்டுல நெனைக்கிறோம். தம்பிக்கு என்ன கோளாறுன்னு நீங்க முடிவு பண்ணீங்க, இதுவரைக்கும் என்னென்ன மாத்திரை எவ்வளவு டோஸ் குடுத்தீங்கன்னு ஒரு லெட்டர் எழுதித் தர்றீங்களா?" முக்கால்வாசிப் பேர் எழுதித் தந்துவிடுவார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள், லெட்டர் இல்லாமல் மட்டும் எழுந்து வராதீர்கள்.

அது அவர் போடும் பிச்சையும் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவருக்குத் தன் மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. பிள்ளை மைனர் என்பதால் பெற்றோராகிய நீங்கள் அவனுக்காகக் கேட்கலாம். டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்கின்றன. வாய்ச்சொல் பலிக்கவில்லை என்றால் வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதி, ரிசப்ஷனில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இந்தச் சட்டத்தை டாக்டர் முகத்துக்கு நேராக முதல் வாக்கியத்திலேயே எடுத்து வீச வேண்டாம். மனதில் இருந்தால் போதும், குரல் தானாக நிமிரும்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் சிக்குகிறது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் வைத்தியம் முழுக்க ஒரு மஞ்சப்பையில் இருக்கும். கசங்கின மாத்திரைச் சீட்டு, மெடிக்கல் பில், ஸ்கேன் கவர், நடுவில் ரேஷன் கார்டு நகல். புது டாக்டருக்கு அதை வாசிக்க நேரம் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கம் நீங்களே தமிழில் எழுதுங்கள். பிரசவம் எப்படி நடந்தது, பிறந்ததும் அழுதானா, எப்போது நடந்தான், எப்போது பேசினான், ஜுரத்தில் வலிப்பு வந்ததுண்டா, எந்த வயதில் முதலில் சந்தேகம் வந்தது, யார் சொன்னது. எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, எதில் தூக்கம் அதிகம், எதில் சாப்பாடு குறைந்தது, எதை ஏன் நிறுத்தினார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தத் தாளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் காட்டப்போவதில்லை. அந்த ஒரு பக்கம் 14 மாதத்தைக் காப்பாற்றும்.

அறிவுத்திறன் சோதனையோ கற்றல் குறைபாட்டுச் சோதனையோ எடுத்திருந்தால் அதன் முழு ரிப்போர்ட்டை வாங்குங்கள், கடைசி வரி மட்டும் எழுதின சீட்டு போதாது. அதே சோதனையைச் சீக்கிரமே மறுபடி வைத்தால் பிள்ளைக்குக் கேள்விகள் பழகியிருக்கும், மதிப்பெண் நம்பும்படி இருக்காது. பணமும் வீண். பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கவோ, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கோ இந்தக் காகிதங்கள்தான் அடிப்படை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் மனநோயும் இருக்கின்றன.

இப்போது மாத்திரை. கிளம்புவதற்கு முன் மூன்று வாரத்துக்காவது கையில் மாத்திரை இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. காலை மாத்திரை மெத்தில்ஃபெனிடேட் என்றால் அது 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் உள்ள மருந்து. விற்க மெடிக்கலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும், ஒன்றை அவர்கள் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் நீடாமங்கலத்திலோ மன்னார்குடியிலோ எல்லாக் கடையிலும் கிடைக்காது, பழைய சீட்டைக் காட்டி வாங்கவும் முடியாது. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள்படி இந்தப் பட்டியல் மருந்தை வீடியோ காலில் எழுதித்தரவும் கூடாது. ஆக, ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவருக்குக் காத்திருந்தால் மருந்து நின்றேதீரும். அது நின்றால் பையன் பழையபடி துருதுருப்பாவான், பரீட்சை நேரமாக இருந்தால் வீட்டில் சண்டை. ஆபத்து அதோடு முடிகிறது. வேறு சில மாத்திரைகள் அப்படி இல்லை. வால்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். குளோனிடினை நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறலாம். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். கடற்கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு, டாக்டர் பிடிக்கவில்லை என்று அப்பாவே மாத்திரையை நிறுத்தி, பத்தாம் நாள் பஸ்ஸிலேயே வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டாள். அந்த அப்பா என் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. புது டாக்டர் எழுதியதையும் போட்டு, பழையது மிச்சம் இருக்கிறதே என்று அதையும் போடுவது. ஒரே மருந்துக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். எது நிற்க வேண்டும், எது தொடர வேண்டும் என்று புது டாக்டரிடமே கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதற்குப் பின் மாத்திரை எழுதுவது ஒருவர் மட்டும்தான்.

பையனிடம் எப்போது, எப்படிச் சொல்வது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. பெரியவர்கள் டாக்டரை மாற்றும்போது பிள்ளை தன் கணக்கில் எழுதிக்கொள்வது வேறு: 'நான் பேசாததால் அவருக்குக் கோபம். நான் சரியாகாததால் வேறு ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள்.' கிளம்புவதற்கு நாலு நாள் முன்னாலேயே சொல்லுங்கள். "தஞ்சாவூர் டாக்டருக்குக் கூட்டம் ஜாஸ்தி, உன்கூட உக்காந்து பேச நேரம் இல்ல. திருச்சியில பேசறதுக்கும் ஒருத்தர் இருக்காங்க. உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. போய்ப் பாத்துட்டு உனக்குப் புடிச்சிருக்கான்னு சொல்லு." மலைக்கோட்டை பார்க்கப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். டாக்டர் அறை வாசலில் அந்தப் பொய் உடையும், அதற்கப்புறம் அவன் உள்ளே வாய் திறக்க இன்னும் ஆறு மாதம் ஆகும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத்தில் பிள்ளைகளிடம் கவுன்சிலிங் என்று வந்தவர்கள் பல பேர். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் வந்தவர் போய் அடுத்தவர் வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அலை வந்த கதையை, அம்மாவின் கையை விட்ட கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பெண் குழந்தை என்னிடம் "எத்தனை தடவை சொல்றது அக்கா" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். புது டாக்டரிடம் முதல் பத்து நிமிடம் நீங்கள் தனியாகப் போய், எழுதின ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பேசிவிடுங்கள். பிள்ளை உள்ளே வரும்போது அவன் செய்த குறும்புகளின் பட்டியல் அவன் முன்னால் வாசிக்கப்படக்கூடாது. அவன் அங்கே புதுசாகத் தொடங்கட்டும், கதையைச் சுமப்பது நம் வேலை.

நாற்று பறித்து நட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நட்ட பயிர் முதல் வாரம் வாடி மஞ்சளடித்துத்தான் நிற்கும், பச்சை பிடிக்க நாள் எடுக்கும். யாரும் மறுநாளே பிடுங்கி வேறு வயலில் நடுவதில்லை. புது டாக்டரிடம் மூன்று நான்கு தடவையாவது போன பிறகே முடிவுக்கு வாருங்கள். அவர் கோளாறுக்கு வேறு பெயர் சொன்னால், பழைய டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமாகாது. ஏழு வயதில் துருதுருப்பாக மட்டும் தெரிந்தது, 11 வயதில் படிக்க முடியாத தவிப்பாகத் தெளியலாம்.

திருச்சி உங்களுக்குத் தூரம். மாதாமாதம் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, பையனுக்கு ஒரு நாள் லீவு. நடவிலும் அறுப்பிலும் வீட்டில் ஆள் இருக்காது, ஐப்பசி கார்த்திகை மழையில் ரோடே இருக்காது. போய்வர முடிகிற இடமே நல்ல இடம். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார். உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். 18 வயது வரையான பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உண்டு, அங்கே காசு இல்லை. பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது. மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலையில் போய் இறங்கும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. கோளாறு என்னவென்றே பிடிபடாத பிள்ளைக்கு அங்கே ஒருமுறை காட்டி, அவர்கள் எழுதுவதை இங்கே பக்கத்து டாக்டரிடம் தொடர்வது நல்ல ஏற்பாடு. உங்கள் பையனுக்கு இப்போது அது தேவை என்று நான் நினைக்கவில்லை.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். 'பைத்தியத்துக்குப் போடுற மாத்திரை' என்ற பயம் அவருக்குப் பேரன் மேல் இருக்கும் பாசத்திலிருந்து வருகிறது. குணசீலம் பெருமாள் கோயிலில் வேண்டிக்கொள்ளலாம் என்பார், போய்வாருங்கள். 48 நாள் விரதம் என்றாலும் இருக்கலாம், மாத்திரை மட்டும் விரதம் இருக்கக்கூடாது. ஒருமுறை அவரையும் டாக்டர் அறைக்குக் கூட்டிப்போங்கள். நாம் சொல்லிக் கேட்காததை டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சர் ஒருவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: "அடுத்த ரெண்டு மாசம் மாத்திரை மாறலாம், வித்தியாசமா எது தெரிஞ்சாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க." அந்த இரண்டு மாதமும் வீட்டில் பூச்சி மருந்தையும் எலி பேஸ்ட்டையும் பூட்டி வையுங்கள். உங்கள் பையன் சாவைப் பற்றிப் பேசினான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் மருந்து மாறும் சமயத்தில் எந்தப் பிள்ளைக்கும் மனம் அலைபாயும், நம் வயல் வீடுகளில் அந்த டப்பா கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. "செத்துப் போறேன்" என்று ஒருமுறை சொன்னாலும் டோக்கன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசும், காசு கிடையாது. இரண்டு டாக்டருக்கு நடுவில் ஏதாவது குழப்பம் வந்தாலும் அங்கே கேட்கலாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்து, கீழே இருக்கும் சின்ன எழுத்துப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுங்கள். மூன்று வாரத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த மாதமும் தஞ்சாவூர் டாக்டரிடமே போய் மருந்தையும் லெட்டரையும் வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலம் திருச்சிக்குப் போன் போட்டு டோக்கன் கேளுங்கள்.